சண்டைக்குப் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் வேலை

செத்துப் போன ஆளைத் தேடுவது சுலபம், அவர் எங்கேயும் நகராமல் ஒரே இடத்தில்தானே இருப்பார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டாளத்துக்குப் போய்க் காகிதத்துக்குள் ஒளிந்துகொண்ட ஆட்களைப் போல நம்மை அலைய விடுகிறவர்கள் உலகத்தில் யாரும் கிடையாது.

நான் மலை மேல் இருக்கும், சிப்பாய்களின் காகிதங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு ராணுவ ரெக்கார்டு ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள். என் வீட்டுக்காரர் எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் இறந்து போன பிறகு, கருணை அடிப்படையில் எனக்குக் கிடைத்த வேலை அது. ரிட்டயர் ஆனதும் சொந்த ஊர்ப் பக்கம் வந்து ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடு எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் மாமனார் ராணுவத்தில் இருந்தாரா என்று தெரிய வேண்டும் என்றார். ரெக்கார்டு ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது. அவ்வளவுதான், விஷயம் காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. இப்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கி "மிலிட்டரி அக்கா வீடு" என்றால் ஆட்டோக்காரர் பேரம் பேசாமல் கொண்டுவந்து விடுவார். காசு வாங்குவதில்லை. முந்திரிப் பருப்போ வேர்க்கடலையோ கொண்டுவந்தால் வேண்டாம் என்றும் சொல்வதில்லை.

தாத்தா, பெரியப்பா என்று யாரையாவது இப்படித் தேடி, மனு மேல் மனு போட்டு, தபால்காரர் சைக்கிள் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால், "போன ஆளைத் தேடி என்ன ஆகப் போகுது?" என்பார்கள்.

நம்பர்

கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கொல்லையில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மாதிரி வேட்டியில் செம்மண். பாட்டனார் பர்மா சண்டைக்குப் போனவர், பெயர் கருப்பையா, நல்ல கறுப்பு, நல்ல உயரம், சிலம்பம் ஆடுவார், போனவர் திரும்பவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "அவரோட ராணுவ நம்பர் தெரியுமாங்க?"

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். ராணுவத்தில் பெயரை வைத்துத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். ஒரு ரெஜிமெண்டை எடுத்தால் அதில் கருப்பையா என்று ஒரு ஊரே இருக்கும். அந்தக் காலத்தில் ஆள் எடுத்த வெள்ளைக்காரத் துரை காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போயிருப்பார். அதனால் ஒரே கருப்பையா ஆங்கிலத்தில் நாலு விதமாக இருப்பார். கிராமத்துப் பெயரைப் படித்தால் அது புதுக்கோட்டையில் இருக்கிறதா, பீகாரில் இருக்கிறதா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். நம்பர் ஒன்றுதான் மாறாது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் அவருடைய பாட்டனாரை ஏதோ குறைத்துப் பேசிவிட்ட மாதிரி முகம் வாடிப் போனது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"மனுசனுக்கு எதுக்குங்க நம்பரு? அவரு என்ன லாரியா?"

பர்மா வீடு

குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர், அன்னவாசல் பக்கம் ஊர். அவருடைய தாத்தா பர்மா காட்டில் ஜப்பான்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவராம். மரத்து மேல் உட்கார்ந்து சுட்டாராம். ஆற்றுக்குள் மூழ்கி நாணல் தண்டு வழியாக மூச்சு விட்டாராம். ஊரில் அவர்கள் வீட்டுக்கே "பர்மா வீடு" என்றுதான் பெயர். தாத்தா இறந்து பல காலம் ஆகிவிட்டது. புது வீடு கட்டுகிறோம், வாசலில் தாத்தாவின் பதவியையும் சண்டை போட்ட இடத்தையும் கல்வெட்டில் போட வேண்டும், சரியான தகவல் வேண்டும் என்று வந்தார். நல்ல வேளையாகத் தாத்தா பென்ஷன் வாங்கியவர். பென்ஷன்காரர்களின் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்த லீவுக்கு அவர் வருவதற்குள் நகல் வந்துவிட்டது.

படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. தாத்தா சமையல்காரராகச் சேர்ந்திருக்கிறார். சண்டை முடிகிற வரைக்கும் வடக்கே ஒரு முகாமில் பெரிய அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறார். கடல் தாண்டவே இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காப்பி போட்டுக் கொடுத்தேன். பிறகு சொன்னேன். சமையல்காரன் இல்லாமல் எந்தப் பட்டாளமும் ஒரு நாள் கூட நகராது என்று சேர்த்துச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "இதுல லீவு எழுதியிருக்குமாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேன். சண்டை நடந்த வருஷங்களில் லீவு என்று ஒன்றும் இல்லை. பிள்ளை பிறந்ததற்கு இல்லை. தாயார் செத்ததற்கும் இல்லை. அதைச் சொன்னதும் அந்த மனிதர் காகிதத்தை வாங்கி, ஆங்கிலம் தெரியாவிட்டாலும், அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குவைத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்று நான் அதுவரை கேட்கவில்லை. கேட்டேன். சிரித்தார். சிரித்த மாதிரியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு அரபி வீட்டுல சமையலுக்கா. எங்க வீட்டுல நான் சூப்பர்வைசருன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

இல்லை என்று ஒரு பதில்

பென்ஷன் வாங்காமல் பாதியில் வந்தவர்களின் காகிதங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு மளிகைக் கடைக்காரர், எழுபதைத் தாண்டியவர், தன் அப்பாவுக்காக என்னை மனு எழுத வைத்தார். அப்பா பட்டாளத்தில் இருந்ததாக அம்மா சொல்வாராம். ஊரில் ஒருவரும் நம்பவில்லையாம். எங்கேயோ ரப்பர் தோட்டத்துக்கு ஓடிப் போனவன் என்றுதான் பேச்சாம். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி அடித்துக்கொண்டது வரை இவருக்கு ஞாபகம் இருக்கிறது.

பதில் ஒரே வரியில் வந்தது. சிப்பாய் இன்னார் சம்பந்தமான ஆவணங்கள் காலம் கடந்துவிட்டதால் அழிக்கப்பட்டுவிட்டன, வருந்துகிறோம். நான் வருத்தத்தோடுதான் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அடுத்த வாரம் அவர் கடைக்குப் போனால், அந்தக் கடிதம் லேமினேஷன் ஆகி, சாமி படங்களுக்குப் பக்கத்தில், மாலையோடு தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"இல்லைன்னு எழுதுனாலும், பேருக்கு முன்னால சிப்பாயின்னு போட்டுல்ல எழுதியிருக்கான் அக்கா!"

உயரம்

செல்லாயி அம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் தாய் வயிற்றில் இருக்கும்போது அப்பா பட்டாளத்துக்குப் போனார். இத்தாலி தேசத்தில் சண்டையில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்ததாம். அதற்குள் இவர் பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டார். தந்தி வந்தபோது எல்லோரும் அழுததைப் பார்த்து இந்தக் குழந்தை கைதட்டிச் சிரித்ததாகப் பிற்பாடு பலபேர் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். "நானா சிரிச்சேன், எனக்கு என்ன தெரியும்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு போட்டோ.

அந்தக் காலத்துச் சிப்பாய்களின் காகிதத்தில் போட்டோ இருக்காது. போட்டோவுக்குப் பதிலாக ஆளை அளந்து எழுதியிருப்பார்கள். நகல் வந்ததும் சொல்லி அனுப்பினேன். அதே மருமகளோடு வந்து உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மாநிறம். வலது கன்னத்தில் பழைய தழும்பு. மார்பு மூச்சை இழுத்தால் இவ்வளவு, விட்டால் இவ்வளவு. தழும்பு என்றதும் தன் கன்னத்தையே தடவிப் பார்த்துக்கொண்டார். தழும்பு பரம்பரையாக வராது என்று நான் சொல்லவில்லை.

உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் என்றேன். "அது எம்புட்டுத் தாயி?" என்றார். கையால் காட்டினேன். சரியாகப் படவில்லை போலிருக்கிறது. தையல் டேப்பை எடுத்து வந்து, கூடத்துச் சுவரில் நான் அளக்க, மருமகள் பென்சிலால் ஒரு கோடு போட்டார். செல்லாயி அம்மாள் எழுந்து போய் அந்தக் கோட்டுக்கு எதிரே நின்றார். முதுகு கூன் விழுந்த உடம்பு. அண்ணாந்து பார்த்தார். கோட்டுக்குக் கீழே, கன்னம் இருக்கக்கூடிய இடத்தில், கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கும் கீழே தோள் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். மருமகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். எனக்கும் அடுப்பில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. செல்லாயி அம்மாள் அழவில்லை. பெரிய கணக்கு ஒன்று தீர்ந்த மாதிரி எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"பெரிய ஒசரமுன்னுல்ல நெனச்சிருந்தேன். இந்த ஒசரந்தான்னா, என்னையத் தூக்க அவரு ரொம்பக் குனிய வேண்டியிருந்திருக்காது."

சிங்கப்பூர்ச் சுவர்

அய்யாவு தாத்தாவுக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். என் வீட்டுப் படியேற முடியாது என்பதால் நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். தேட வேண்டியது அவருடைய அண்ணன் சுப்பையாவை. மலாயா பக்கம் போன பட்டாளத்தில் இருந்தவர். அங்கே சண்டையில் தோற்றார்கள், ஆட்கள் கைதானார்கள், அதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. இவருக்கு அப்போது சின்ன வயது. அண்ணன் தோளில் உட்கார்ந்து சந்தைக்குப் போனதும், அண்ணன் தலையில் எண்ணெய் வாடை அடித்ததும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. முகம் மறந்துவிட்டது என்று சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கல்லறை கிடைக்காத சிப்பாய்களின் பெயர்களை நினைவிடச் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை இப்போது கம்ப்யூட்டரிலேயே தேடலாம். தேடினேன். ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் ஒத்து வந்தன. சுவர் இருப்பது சிங்கப்பூரில். அதைச் சொன்னதும் வீட்டில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அய்யாவு தாத்தாவின் மகன் முருகேசன் வருஷக்கணக்காகச் சிங்கப்பூரில்தான் கட்டட வேலை பார்க்கிறார். பெரியப்பா பெயர் அதே ஊரில் ஒரு சுவரில் இருப்பது தெரியாமலே, அதே ஊரிலிருந்து வாராவாரம் போன் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை முருகேசன் பஸ் பிடித்து அங்கே போய் வீடியோ கால் போட்டார். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்ல நானும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் புல், வெள்ளைக் கற்கள், அதற்கு மேலே உயரமான சுவர்கள். முழுக்கப் பெயர்கள். முருகேசன் போனைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனார். "இங்கிட்டா, அங்கிட்டா?" என்று அவர் கேட்க, நான் வழி சொல்ல, கடைசியில் கிடைத்தது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுதாம்ப்பா" என்று முருகேசன் அந்தப் பெயர் மேல் கையை வைத்துக் காட்டினார். தாத்தா போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சிங்கப்பூரில் மழை தூற ஆரம்பித்துவிட்டது. போன் நனையுது, வச்சிடவா என்று முருகேசன் கேட்டார். தாத்தா சொன்னார்:

"கைய எடுத்துறாதப்பா. செத்த நேரம் அப்படியே வச்சிரு."

மீமிசலில் ஒரு மத்தியானம்

இது என் கதை. போன வருஷம் மீமிசலிலிருந்து அந்தோணி என்ற முன்னாள் சிப்பாய் போன் செய்தார். பென்ஷன் காகிதத்தில் மனைவியின் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது, திருத்த வேண்டும், கால் வலியால் வர முடியவில்லை என்றார். கடல் பார்த்து நாளாயிற்று என்று நானே அறந்தாங்கி வழியாகப் பஸ் ஏறிப் போனேன். வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டே பேசினார். படிவத்தை எழுதி முடிக்கும்போது, "நீங்க எப்படி ரெக்கார்டு ஆபீசுல?" என்று அந்தோணி கேட்டார். சொன்னேன். எந்த யூனிட் என்றார். அதையும் சொன்னேன். பெயர் கேட்டார். "சண்முகம்" என்றேன். என் வயதுக்காரிகள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆபீசில் எனக்கு அந்த வெட்கம் போய்விட்டது.

அந்தோணி கண்ணாடியைக் கழற்றினார். "ஆலங்குடிச் சம்முகமா?" என்றார். இரண்டு பேரும் ஒரே கூடாரத்தில் இருந்திருக்கிறார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்கதானா அந்த வாயாடி?" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தால் சம்முகம் ஆரம்பித்துவிடுவானாம். "எங்க வீட்டுல அது வாய மூடவே மூடாது. இந்தச் சப்பாத்தியப் பாத்திருந்தா, இத வச்சு வீட்டுக்குக் கூரை போடலாமேன்னு கேட்டிருக்கும்" என்பானாம். சுபேதார் மீசையைப் பற்றி நான் என்ன சொல்லியிருப்பேன், குளிரைப் பற்றி என்ன சொல்லியிருப்பேன் என்று தினமும் ஒன்று சொல்வானாம். இன்றைக்கு உன் வீட்டுக்காரி என்ன சொல்லுச்சு என்று வேறு கூடாரத்து ஆட்கள்கூட வந்து கேட்பார்களாம். சொல்லும்போதே அந்தோணிக்குச் சிரிப்பு வந்தது. அவர் மனைவி கையில் மீனோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சண்டை வருஷம் ஆவணியில்தான் எங்களுக்குக் கல்யாணம். லீவு முடிந்து அவர் சீக்கிரமே போய்விட்டார். கூட்டுக் குடும்பம். பகலில் மாமியார், மாமனார், நாத்தனார்கள். ராத்திரியிலும் பக்கத்து அறையில் ஆள் படுத்திருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. அவர் எது கேட்டாலும் தலையை ஆட்டுவேன். புடவை பிடித்திருக்கிறதா, ஆட்டுவேன். சாப்பிட்டாயா, ஆட்டுவேன். கிளம்புகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஏதாச்சும் சொல்லு" என்று நின்றார். "பாத்துப் போங்க" என்றேன். அவருக்குப் பஸ் வந்துவிட்டது. ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே அவருடைய பைலை எடுத்துப் படித்தவள் நான். அதில் மனைவி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என் குரலை அவர் கேட்டாரா, பிடித்திருந்ததா என்று எந்தப் பைலில் எழுதியிருக்கும்? வேலை பார்த்த காலமெல்லாம் எனக்கு அந்த ஒரு குறைதான். சொல்வதற்கு நிறைய இருந்தும், சொல்லாமல் அனுப்பிவிட்டேனே என்று.

அந்தோணியிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. "அண்ணே, நான் அவருகிட்டப் பேசுனதே இல்லைண்ணே. ரெண்டு வார்த்தைதான் பேசியிருப்பேன்" என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வாசலில் காய்ந்த வலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனைவியிடம் தங்கச்சிக்கு இலை போடு என்றார். பிறகு, யாரையோ தட்டிக் கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"அப்ப ஒங்களுக்கும் சேத்து அவனேதான் பேசியிருக்கான் தங்கச்சி."

ஆக, இத்தனை காலம் ஊரார் வீட்டு ஆட்களையெல்லாம் தேடிக் கொடுத்ததில் எனக்கென்று கிடைத்தது ஐம்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்த 'வாயாடி' என்ற பட்டம் ஒன்றுதான், அதற்கும் ஆதாரம் கொண்டுவா என்று யாராவது கேட்டால் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.